‘படியேற்றம்’ வேண்டாம்: புது உந்துமருந்துக்கு எடை காணும் முறைக்கு ஒரு சொல்

கிருஷ்ணகிரியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். வேட்டைத் துப்பாக்கிக்குக் கையால் தோட்டா கட்டும் முறை பற்றிய கட்டுரையைத் தமிழாக்குவதில் ஒரு சொல் இடிக்கிறது. உறுப்புகளுக்குச் சொல் கிடைத்துவிட்டது. முழுசுக்குத் தோட்டா, பித்தளைக்குக் கூடு, முனையில் இருப்பது குண்டு, அடியில் தீ வைப்பது கேப்பு. கேப்புக்குப் புதுச்சொல் தேட வேண்டாம் என்பது என் கருத்து, ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சிக்கல் செயலில்தான். கூட்டுக்குள் எரிந்து குண்டைத் தள்ளும் புது மருந்து ஒன்றைக் குறைந்த எடையில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டிச் சுட்டுப் பார்த்து, அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவரும் எடையைக் கண்டடைகிற வேலை முழுவதையும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டும். ‘படியேற்றம்’ என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை தடை. தோட்டா கட்டவும் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இதைக் கட்டுரையின் முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.

தருமபுரியிலிருந்து:

ஐயா, ‘படியேற்றம்’ காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கம் படி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ராகி அளக்கிற படி. உந்துமருந்தில் உயிரை வாங்குகிற தப்பே கொள்ளளவை நம்புவதுதான். நாட்டுத்துப்பாக்கிக்காரர்கள் கரிமருந்தை மூடியால் அளந்து குழல்வாயில் கொட்டிக் கெட்டிப்பார்கள். கரிமருந்து அதற்கு இடம் கொடுக்கும். இக்காலத் தோட்டாவில் போடுகிற புகையில்லா மருந்து கொடுக்காது. ஒன்று குச்சிகுச்சியாக இருக்கும், ஒன்று கடுகு மாதிரி உருண்டையாக, இன்னொன்று செதில் செதிலாக. அதே மூடியில் உருண்டை மருந்து பெரும்பாலும் குச்சி மருந்தைவிட எடை கூட நிற்கும். எடை ஒன்றாகவே இருந்தாலும் எரிவேகம் வேறு. கைத்துப்பாக்கிக்கான வேகமருந்து ரைஃபிள் கூட்டைப் பாதி நிரப்பினாலே துப்பாக்கியைப் பிளந்துவிடும். கரிமருந்துக்குச் செய்த நாட்டுத்துப்பாக்கியில் புகையில்லா மருந்தை எந்த அளவிலும் போடக் கூடாது. ஆகவே அளவைப் பாத்திரத்தின் பெயர் இந்தச் சொல்லுக்குள் வரவே கூடாது.

வெறும் ‘மருந்து’ என்றும் விட வேண்டாம். மாந்தோப்பில் “மருந்து அடிச்சாச்சா” என்பார்கள், கல்குவாரியில் “மருந்து வச்சாச்சா” என்பார்கள். குவாரி மருந்து வெடித்துச் சிதற வேண்டியது. இதுவோ சீராக எரிந்து, வாயுவால் குண்டைத் தள்ள வேண்டியது. ‘உந்துமருந்து’ என்றால் அந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிகிறது.

என் பரிந்துரை: ஒரு தோட்டாவில் நிறுத்துப் போடுவது ‘மருந்தெடை’. நீங்கள் கேட்ட செயல் ‘மருந்தெடைத் தேர்வு’. தேர்வு என்றால் சோதித்துப் பார்ப்பது, தெரிந்தெடுப்பது இரண்டும் ஆகும். இந்த வேலையிலும் இரண்டும் இருக்கிறது.

ஓசூரிலிருந்து:

அண்ணா, ‘மருந்துப் பதம் காணல்’ என்று வைத்தால் என்ன? பாகுக்குப் பதம் பார்க்கிற மாதிரிதானே?

இன்னொன்று, கிரெயின் என்கிற எடை அலகை ஒருவர் ‘மணி’ என்று பெயர்த்திருக்கிறார். அதை எப்படியாவது தடுக்க வேண்டும். “45 மணி மருந்து” என்று படிக்கிறவர் 45 துணுக்கு என்று எண்ணிவிடுவார். நகைக்கடைப் பழக்கம் உள்ளவர் குன்றிமணியை நினைப்பார், அது கிட்டத்தட்ட இரண்டு கிரெயின். ஒரு கிரெயின் 0.0648 கிராம், 7000 கிரெயின் ஒரு பவுண்டு. கிரெயின் என்றே எழுதிப் பக்கத்தில் கிராமையும் கொடுக்கலாம். தராசு 0.1 கிரெயின், அதாவது ஆறரை மில்லிகிராம், காட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

மருந்தின் வெப்ப உணர்திறனுக்கு ‘சூட்டுக்கூச்சம்’ என்று ஒரு சொல் தோன்றுகிறது. பல் கூச்சம் போல. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே மார்கழிக் காலையில் சுட்டுத் தேர்ந்த எடை, தருமபுரிச் சித்திரை வெயிலில் 38 பாகையில் அதே எடையாக இருந்தும் அழுத்தம் கூடி நிற்கும். கூச்சம் குறைந்த மருந்துகள் இருக்கின்றன, கூச்சமே இல்லாதது இல்லை.

தருமபுரியிலிருந்து:

சூட்டுக்கூச்சம் அருமை, அப்படியே எடுத்துக்கொள்வோம். எந்த வெயிலில் பயன்படுமோ அந்த வெயிலில்தான் தேர்வு முடிய வேண்டும் என்ற விதி அந்த ஒரு சொல்லிலிருந்தே வந்துவிடுகிறது. கிரெயினும் சரி.

பதத்துக்கு நான் உடன்பட மாட்டேன். “ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்” என்று பழகிய காது, ஒரு தோட்டா சுட்டால் போதும் என்று எடுத்துக்கொள்ளும். இங்கே ஒவ்வொரு எடைக்கும் மூன்று தோட்டாவாவது சுட வேண்டும். “கத்தி கையைப் பதம் பார்த்தது” என்கிற வழக்கும் இருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து:

மருந்தெடைத் தேர்வையே எடுத்துக்கொள்கிறேன். சொற்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். எண்கள் கணக்குக்காக வைத்தவை, எந்த மருந்துக்கும் உரியவை அல்ல:

“மருந்து செய்தவரின் அட்டவணையில் அதே குண்டெடைக்கு உச்ச எடை 50.0 கிரெயின் என்றால், பத்து விழுக்காடு குறைத்து 45.0 கிரெயினில் தொடங்குக. அட்டவணை தனியாகத் தொடக்க எடை தந்திருந்தால் அதையே கொள்க. ஒவ்வொரு எடைநிலைக்கும் 0.5 கிரெயின் கூட்டுக. கடைசி இரண்டு கிரெயினில் 0.3 போதும். நிலைக்கு மூன்று தோட்டா. கூடு, கேப்பு, குண்டு, குண்டு பதியும் ஆழம் எதையும் நடுவில் மாற்றாதீர்கள். 30-06 வகை ரைஃபிள் தோட்டா ஆனால் கூட்டு நீளம் 63.35 மில்லிமீட்டரையும், தோட்டாவின் முழு நீளம் 84.84 மில்லிமீட்டரையும் தாண்டக் கூடாது. கூடு நீண்டுவிட்டால் அதன் வாய், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் முனையில் இடித்துக் குண்டை இறுக்கும். மருந்தெடை சரியாக இருந்தும் அழுத்தம் ஏறும்.

மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா இருக்கட்டும். கூடுகளை நிரப்பியதும் கைவிளக்கு அடித்து எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். டப்பாவின் தொகுதி எண் மாறினால் பெயர் அதேதான் என்றாலும் எடையைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.”

தருமபுரியிலிருந்து:

நன்றாக ஓடுகிறது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: ‘உச்ச எடை’ வேண்டாம், ‘எல்லை எடை’ என்று போடுங்கள். உச்சம் என்றால் தொட்டுவிட ஆசை வரும், எல்லை என்றால் அதற்குள் நிற்கத் தோன்றும்.

அழுத்தம் மிஞ்சுவதைக் காட்டும் குறிகளையும் விரித்து எழுதுங்கள். சுட்ட கூட்டின் அடியைப் பார்த்தால், சாதாரண அழுத்தத்தில் கேப்பின் விளிம்பு உருண்டு, அதற்கும் குழிச் சுவருக்கும் நடுவில் மெல்லிய வளையமாக இடைவெளி தெரியும். அழுத்தம் ஏறினால் விளிம்பு தட்டையாகி அந்த வளையம் மறையும். ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி நகத்துக்குத் தட்டுப்படுகிற மேடு எழும். கூட்டை வெளியே தள்ளும் உந்தியின் துளை, அடிப்பித்தளையில் பளபளப்பாகப் பதியும். அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் பிடியைத் தூக்கக் கை கனக்கும். இவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட வேண்டும், அந்த எடைக்கு மேலே கட்டிவைத்த தோட்டாக்களைப் பிரித்துவிட வேண்டும். ஆனால் குறிகளை மட்டும் நம்பக் கூடாது. மென்மையான கேப்பு, சரியான அழுத்தத்திலேயே தட்டையாகும். எல்லை தாண்டிய பிறகும் குறியே காட்டாத துப்பாக்கியும் உண்டு. குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி கட்டாயம் வேண்டும். அட்டவணையில் எல்லை எடைக்கு என்ன வேகம் போட்டிருக்கிறதோ, அதே நீளக் குழலில் அந்த வேகம் முன்கூட்டியே வந்துவிட்டால், எடை மிச்சம் இருந்தாலும் எல்லை அதுதான்.

ஓசூரிலிருந்து:

அதே இடத்தில் ‘ஊமைவெடி’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து போட மறந்த கூட்டில் கேப்பு மட்டும் வெடித்தால் சத்தம் அமுங்கியிருக்கும், தோளில் உதை இருக்காது, குண்டு குழலுக்குள் நின்றிருக்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ஊமைவெடி கேட்டால் குழலைப் பத்திரமான பக்கம் பார்த்தே பிடித்து அரை நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமாகக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

எல்லை எடை, சூட்டுக்கூச்சம், ஊமைவெடி மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிட்டேன். கேப்பு கேப்பாகவே இருக்கிறது. கூட்டைப் பழைய வடிவத்துக்கு அழுத்திக் கொண்டுவரும் அச்சுக்கும், ‘எரிவேகம்’, ‘எரிவீதம்’ இரண்டில் எது என்பதற்கும் அடுத்த மடலில் கேட்கிறேன்.