மேப்பைத் தொடாமல் இன்டேக்கும் டவுன்பைப்பும்: இசியு தானே சமாளித்துக்கொள்ளுமா?

சுழலி
என்னுடையது 2 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரும் அகலமான இன்டேக் குழாயும் பொருத்தியிருக்கிறேன். மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உட்காரும் இடத்தில் பழைய குழாயின் உள்விட்டம் 70 மி.மீ., புதியது 75 மி.மீ. டர்போவுக்குப் பின்னால், புகை வெளியேறும் வழியில், 3 அங்குல டவுன்பைப். இசியு என்ற இன்ஜின் கணினியின் மேப்பில், அதாவது பெட்ரோலையும் டைமிங்கையும் தீர்மானிக்கும் அதன் அட்டவணைகளில், கை வைக்கவில்லை. டர்போ முன்பைவிடச் சீக்கிரம் எழுகிறது. ஆனால் 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி சோர்ந்துவிடுகிறது. லாக் (சென்சார்களின் பதிவு) எடுத்துப் பார்த்தேன்: ஃபியூயல் ட்ரிம் (இசியு பெட்ரோல் அளவில் தானே செய்துகொள்ளும் திருத்தம்) +14 சதவீதத்தில் நிற்கிறது, மூன்றாம் கியரில் முழு த்ராட்டில் கொடுத்தால் மூன்றாவது சிலிண்டரில் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) 5 டிகிரி பின்வாங்குகிறது. மேப் மாற்றியே ஆக வேண்டுமா?

கரிக்குழாய்
வேண்டாம். ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று எதற்காக இருக்கிறது? உங்கள் +14 என்ன சொல்கிறது? காற்று கூடுதலாக வருகிறது, இசியு அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறது. தன் வேலையைச் சரியாகச் செய்கிற இசியுவை எதற்குக் குடைய வேண்டும்? ஃபில்டர் வாங்கியவர் எல்லாரையும் மேப் வாங்க வைப்பது ஒரு வியாபாரம், அவ்வளவுதான்.

அளவுகோல்
கரிக்குழாய் சொல்வது தலைகீழ். காற்று உண்மையிலேயே கூடியிருந்தால் மாஃப் அதை அளந்து சொல்லியிருக்கும். பெட்ரோலும் அந்தக் கணக்கிலேயே போயிருக்கும். ட்ரிம் பூஜ்ஜியத்தின் பக்கத்தில் இருந்திருக்கும். +14 என்றால் சென்சார் குறைத்துச் சொல்கிறது என்று பொருள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாய் 70-லிருந்து 75 ஆனால் குறுக்குப் பரப்பு சுமார் 15 சதவீதம் கூடும். அதே அளவு காற்று போனாலும் அதன் வேகம் குறையும். மாஃப் சென்சாரின் சூடான இழை, தன்மீது உரசிப் போகும் காற்றைத்தான் அறியும். குழாய் அகலமாகிவிட்டது அதற்குத் தெரியாது. ஆகவே 13 சதவீதம் குறைத்துக் காட்டும். அதை ஈடுகட்ட வேண்டிய ட்ரிம் ஏறத்தாழ +15. சுழலியின் லாக்கில் இருப்பது 14. வேறு சாட்சி வேண்டுமா?

கரிக்குழாய்
சரி, குறைத்தே காட்டட்டும். ட்ரிம் ஈடுகட்டிவிட்டதே! கலவை சரியாக இருக்கிறது. பிறகு என்ன தொல்லை?

அளவுகோல்
ட்ரிம் திருத்துவது பெட்ரோலை மட்டும். இக்னிஷன் டைமிங்கை அது தொடாது. இப்படிப்பட்ட இசியு தன் அட்டவணையில் ஆர்பிஎம்மையும் லோடையும் (சிலிண்டருக்குள் போகும் காற்றின் அளவு) வைத்துத்தான் டைமிங்கைத் தேர்கிறது. லோடு 13 சதவீதம் குறைவு என்று அது நம்பினால், லேசான லோடுக்கு உரிய முன்தள்ளிய டைமிங்கை எடுத்துக்கொள்ளும். சிலிண்டருக்குள்ளோ முழு அழுத்தம். விளைவு நாக்கிங்: கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடித்து எரிவது. நாக் சென்சார் அதைக் கேட்டு 5 டிகிரி பின்னால் இழுக்கிறது. மேலே வண்டி சோர்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மாஃப் இல்லாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் கணக்கிடும் வண்டிகளில் இந்தச் சிக்கல் வராது. குழாயை என்ன அகலம் வைத்தாலும் அளவீடு கெடாது. சுழலியின் வண்டி அந்த வகை இல்லை.

நாலுவால்வு
அளவுகோலின் கணக்கு சரி. ஆனால் பழி முழுவதையும் மாஃப்மீது போட வேண்டாம். கூம்பு ஃபில்டர் எங்கே இருக்கிறது? இன்ஜின் அறைக்குள் மறைப்பு எதுவும் இல்லாமல் நின்றால் அது குடிப்பது வெந்நீர்தான். காற்று 3 டிகிரி சூடாக ஆக, அடர்த்தி ஏறத்தாழ ஒரு சதவீதம் போய்விடும்.

கரிக்குழாய்
இன்டர்கூலர் இருக்கும்போது இது வீண் கவலை. எப்படியும் அங்கே குளிர்ந்துவிடும்.

நாலுவால்வு
அங்கே போய்ச் சேரும் சூடு கூடிவிடுகிறதே! அழுத்த விகிதம் 2, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 27 டிகிரி காற்று போனால் வெளியே சுமார் 121. உள்ளே 52 டிகிரி போனால் வெளியே 154. நுழைவாயிலில் 25 டிகிரி கூடுதல், இன்டர்கூலரின் வாசலில் 33 ஆகிவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்தால் ஓரளவு சமாளிக்கும். சிக்னலில் நின்று கிளம்பிப் பாருங்கள்.

கம்பெனி பெட்டியை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் அதன் மூக்கு எங்கே போய் முடிகிறது என்றும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கிரில்லுக்குப் பின்னால், வெளிக்காற்றில்.

பழைய கார்புரேட்டர்
டவுன்பைப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. 3 அங்குலம் மிக அதிகம். எக்ஸாஸ்ட்டில் கொஞ்சம் எதிரழுத்தம் இருந்தால்தான் கீழ் வேகத்தில் இழுவை கிடைக்கும். நான் கைப்பட வேலை செய்த வண்டிகளில் எல்லாம் அப்படித்தான்.

அளவுகோல்
ஐயா, அந்த வண்டிகளில் டர்போ இருந்திருக்காது என்று நினைக்கிறேன். டர்போ இல்லாத இன்ஜினிலும் எதிரழுத்தம் யாருக்கும் நன்மை செய்ததில்லை. அங்கே தேவைப்படுவது வாயுவின் வேகமும், வால்வுகள் இரண்டும் திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தில் திரும்பி வந்து சேரும் தாழ்வழுத்த அலையும். குழாய் மிக அகலமானால் அவை கெடும், இழுவை குறையும். பார்ப்பவர் அதை எதிரழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

டர்போவில் டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. பின்னால் எவ்வளவு தடை குறைகிறதோ அவ்வளவு நல்லது. சுழலியின் டர்போ சீக்கிரம் எழுவது அதனால்தான். கவனிக்க வேண்டியது ஒன்று: தடை குறைந்தபின் வேஸ்ட்கேட் (டர்பைனைத் தொடாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வு) சிறியதாக இருந்தால், மேல் வேகத்தில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) குறிவைத்ததைத் தாண்டி ஊர்ந்து ஏறும். பூஸ்டின் குறியளவையும் உண்மை அளவையும் சேர்த்து லாக் எடுங்கள்.

பழைய கார்புரேட்டர்
அலையைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். டர்போ என் துறை இல்லை. ஆனால் அந்தக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டீர்களா, இல்லையா?

சுழலி
இல்லை ஐயா. சதுர அங்குலத்துக்கு 200 அறைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர் டவுன்பைப்பிலேயே இருக்கிறது.

கரிக்குழாய்
அதையும் எடுத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும்.

நாலுவால்வு
எவ்வளவு என்று சொல்லுங்கள் பார்ப்போம். கிடைக்கப்போகும் துளிக்காகப் பின்னால் வருகிறவர் கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்க வேண்டுமா? புகைப் பரிசோதனையிலும் தேறாது. பின் ஆக்சிஜன் சென்சார் பி0420 என்ற பிழைக்குறியோடு விளக்கை ஏற்றிவிடும். பிறகு அந்த விளக்கை அணைக்க ஒரு மேப் வாங்குவீர்கள். மேப் வேண்டாம் என்று தொடங்கியவர் நீங்கள்தானே!

சுழலி
இன்ஜெக்டரைப் பெரிதாக்க வேண்டுமா என்றும் ஒருவர் கேட்டார்.

அளவுகோல்
முதலில் ரெயில் அழுத்தத்தை, அதாவது இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தத்தைப் பாருங்கள். குறி 200 பாராக இருந்து, மேல் வேகத்தில் உண்மை அளவு 150-க்குச் சரிந்தால் மூச்சு வாங்குவது பம்ப். அந்த நிலையில் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் அழுத்தம் இன்னும் வேகமாகச் சரியும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் நேரமும் குறைவு. 6,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி விநாடி. உறிஞ்சும் ஓட்டத்துக்குப் பாதி, 5 மில்லி விநாடி. பெட்ரோலில் பெரும்பங்கை அதற்குள் தெளித்தாக வேண்டும். போர்ட் இன்ஜெக்‌ஷனுக்கு முழுச் சுழற்சியான 20 மில்லி விநாடியும் கையில் இருக்கிறது.

கரிக்குழாய்
எதற்கும் கலவையைக் கொஞ்சம் கெட்டியாக வைத்துவிட்டால் இன்ஜின் பத்திரம்.

அளவுகோல்
முழு லோடில் காற்று-பெட்ரோல் விகிதத்தை 14.7-லிருந்து 12-க்கு அருகே கொண்டுவருவது சரி. டர்போவுக்கு அது தேவை. அதற்கும் கீழே இறக்கிக்கொண்டே போனால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தாலே தெரியும்.

சுழலி
ஃபில்டர் பெட்டியையும் 70 மி.மீ. குழாயையும் திரும்பப் பொருத்திவிட்டேன்; டவுன்பைப் அப்படியே இருக்கிறது. ட்ரிம் +2-க்கு இறங்கிவிட்டது. மூன்றாவது சிலிண்டரில் டைமிங் பின்வாங்கல் ஒரு டிகிரிக்கும் கீழே. ரெயில் அழுத்தம் குறியோடு ஒட்டியே போகிறது. பூஸ்ட் மட்டும் 6,000-க்கு மேல் குறியைவிட 0.15 பார் கூடுதலாக நிற்கிறது.

கரிக்குழாய்
பார்த்தீர்களா, மேப் இல்லாமலே சரியாகிவிட்டது. நான் சொன்னதும் அதுதான்.

நாலுவால்வு
கம்பெனிப் பெட்டியைத் திரும்பப் போடச் சொன்னீர்களா? நான் கவனிக்கவில்லை.

அளவுகோல்
அந்த 0.15-ஐ விட்டுவிடாதீர்கள். நான்காம் கியரில் ஒரு லாக் எடுத்து, அதில் வேஸ்ட்கேட் டியூட்டியையும் (வேஸ்ட்கேட்டைக் கட்டுப்படுத்த இசியு தரும் கட்டளையின் அளவு) சேர்த்துப் போடுங்கள். டியூட்டி ஏற்கெனவே கடைசி எல்லைக்கு இறங்கியிருந்தும் பூஸ்ட் கூடுகிறது என்றால் மேப்பால் தீராது. வேஸ்ட்கேட் வாயையே அகலப்படுத்த வேண்டும். டியூட்டியில் இன்னும் இடம் இருந்தால், டவுன்பைப்புக்கு ஏற்ற மேப் போதும்.