கார் ஓட்டுவதை விட்ட பிறகு ஓஹாயோ சிற்றூரில் நடந்தே காலம் தள்ள முடியுமா?

கேள்வி (ஓஹாயோவாசி):

நான் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஒரு சிற்றூரில் நெடுங்காலமாக வசித்து வருகிறேன். எனக்கு வயது 72. கணவர் காலமாகிவிட்டார், மகள் சியாட்டிலில் இருக்கிறாள். கிளாக்கோமா என்ற கண்நோயால் பக்கவாட்டுப் பார்வை குறைந்துவிட்டதால், மருத்துவரின் அறிவுரைப்படி கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

மருந்துக் கடை, மளிகைக் கடை, நூலகம் எல்லாமே ஒரு மைலுக்குள்தான் இருக்கின்றன. ஆனால் இடையே ஐந்து தடங்கள் கொண்ட மாநிலச் சாலை ஓடுகிறது. வங்கியின் வாசல்வரை சிமெண்ட் நடைபாதை உண்டு. அடுத்துள்ள டயர் கடையின் எல்லையில் அது புல்லில் முடிந்துவிடுகிறது. அதற்குமேல், என்னைப் போன்றவர்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம்தான். சிக்னலில் நான் பாதிச் சாலையைக் கடப்பதற்குள் நடப்பவர்களுக்கான விளக்கில் சிவப்புக் கை உருவம் மின்னத் தொடங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ஊரில் பேருந்து கிடையாது. மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். என் தோட்டத்தையும் தோழிகளையும் விட்டுப் போக எனக்கு மனமில்லை. இத்தகைய ஊர்களில் காரில்லாமல் வாழும் முதியவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற போக்குவரத்துப் பொறியாளர்):

அம்மா, வணக்கம். உங்கள் ஊரில் தூரம் ஒரு பொருட்டே அல்ல. அந்த ஒரு குறுக்குச் சாலைதான் சிக்கல் என்று தெரிகிறது. எனவே சிக்னலைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

சிவப்புக் கை மின்னுவது, இனிமேல் யாரும் புதிதாகச் சாலையில் இறங்கக்கூடாது என்பதற்குத்தான். ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிப்பதற்கான நேரமே அது. அந்த நேரத்தை, ஒருவர் விநாடிக்கு 3.5 அடி நடப்பார் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். போக்குவரத்து விளக்குகளுக்கான தேசியக் கையேட்டில் முன்பு 4 அடி என்று இருந்ததை 2009 பதிப்பில்தான் குறைத்தார்கள். ஐந்து தடச் சாலை ஏறத்தாழ 60 அடி அகலம் என்றால், மின்னும் நேரம் சுமார் 17 விநாடி. அதற்கு முன், நடக்கலாம் என்று காட்டும் மனித உருவம் வழக்கமாக 7 விநாடி எரியும். விநாடிக்கு 2.5 அடி நடப்பவருக்கு 24 விநாடி தேவை. அதாவது, உருவம் தோன்றிய அதே நொடியில் இறங்கினால் மட்டுமே நீங்கள் மட்டுமட்டாகக் கடக்க முடியும். நீங்கள் போய்ச் சேரும்போது உருவம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால், எவ்வளவு அவசரமானாலும் அடுத்த சுற்றுக்குக் காத்திருங்கள். பொத்தானை அழுத்தவும் மறக்க வேண்டாம். பல சந்திப்புகளில் அதை அழுத்தாவிட்டால் நடப்பவர்களுக்கான விளக்கு எரிவதே இல்லை.

மெதுவாக நடப்பவர்கள் வழக்கமாகக் கடக்கும் இடங்களில் 3.5 அடிக்கும் குறைவான வேகத்தைக் கொண்டு கணக்கிடுவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று அதே கையேடு சொல்கிறது. நேரத்தை மாற்றப் புதிய கம்பமோ கட்டுமானமோ தேவையில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியில் எண்ணை மாற்றினால் போதும். எழுத்து மூலம் கேளுங்கள்.

உங்கள் கண் நிலையை எண்ணி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கில் வலப்புறம் திரும்ப இந்நாட்டில் பொதுவாக அனுமதி இருப்பதால், திரும்பக் காத்திருக்கும் ஓட்டுநர் இடப்பக்கத்து வண்டிகளையே பார்த்தபடி காரை மெல்ல நகர்த்துவார். அவருக்கு வலப்புறத்தில் நிற்கும் நீங்கள் அவர் கண்ணில் படவே மாட்டீர்கள். தலையை முழுவதுமாகத் திருப்பி அவர் முகத்தைப் பாருங்கள். அவர் உங்களைப் பார்த்த பிறகே காலை வையுங்கள்.

மறுமொழி 2 (அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் மகள், இந்தியானா):

அம்மா, பேருந்து இல்லை என்பதால் வண்டியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மக்கள்தொகை 50,000-க்குக் குறைந்த பகுதிகளின் போக்குவரத்துக்கு மத்திய அரசு தனியாக நிதி தருகிறது. அதைக் கொண்டு பல கவுண்டிகள் (மாநிலத்துக்குள் உள்ள ஆட்சிப் பகுதிகள்), முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி வைத்தால் வீட்டு வாசலுக்கே வரும் சிறு வேன்களை ஓட்டுகின்றன. என் அப்பாவுக்கு இப்படியொரு வேன் இருப்பதே வெகுநாள் தெரியாது, ஏனெனில் சாலையோரத்தில் அதற்கு நிறுத்தமோ பலகையோ கிடையாது. உங்கள் பகுதியின் முதியோர் நல முகமையைக் கேட்டால் விவரம் கிடைக்கும். 1973-இல் செய்த சட்டத்திருத்தத்தால் உருவான இந்த முகமைகளின் சேவை கிட்டத்தட்ட நாடு முழுவதும் உண்டு. எண் தெரியாவிட்டால் 211 என்ற உதவித் தொலைபேசி எண்ணை அழைத்துக் கேட்கலாம். பெரும்பாலும் ஒரு நாளாவது முன்னதாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவர் சந்திப்புகளை அதற்கேற்ப வாங்குங்கள்.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருக்கிறதே என்று வழக்கமான மருத்துவமனைப் பயணத்துக்கு அதை நம்பிவிட வேண்டாம். அது பொதுவாக அவசர ஆம்புலன்சுக்கும் சில விதிவிலக்குகளுக்கும்தான் பணம் தரும். குறைந்த வருமானம் உள்ளோருக்கான மெடிக்கெய்டு காப்பீடு உள்ளவர்களுக்கு நிலைமை வேறு. மருத்துவத்துக்குப் போய்வர அது வண்டி ஏற்பாடு செய்யும்.

மறுமொழி 3 (நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியிலிருந்து):

நானும் எழுபதைத் தாண்டியவன், அன்றாடம் நடக்கிறேன். நடைபாதை முடிந்துபோகும் இடத்தில், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் இடப்புறமாக நடப்பதே பாதுகாப்பானது. பெரும்பாலான மாநிலங்களின் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இந்நாட்டில் நடந்து செல்வோர் விபத்தில் இறப்பதில் நான்கில் மூன்று பங்கு இருட்டில்தான் நேர்கிறது. ஆகவே குளிர்காலத்தில் கடை வேலையை நண்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாலைப் பணியாளர் அணியும் ஒளிரும் மேலங்கி ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். உடை விஷயத்தில் தயவுசெய்து கூச்சப்பட வேண்டாம்.

பனிதான் எங்களுக்குப் பெரிய எதிரி. இயந்திரம் சாலையைச் சுத்தம் செய்து, அந்தப் பனி முழுவதையும் நடைபாதை சாலைக்கு இறங்கும் சரிவில் குவித்துவிட்டுப் போகும். அது மறுநாள் பாறையாக இறுகிவிடும். இங்கே பல ஊர்களில் வீட்டு முன்னுள்ள நடைபாதையை உரிமையாளரே சுத்தம் செய்ய வேண்டும் என்று விதி இருந்தும், அந்த முனையை யாரும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அத்தகைய வாரங்களில் நான் மருந்துகளைத் தபாலில் வரவழைத்துக்கொள்கிறேன்.

ஓஹாயோவாசி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பொறியாளர் ஐயா, அந்தக் கடிதத்தை நான் யாருக்கு எழுத வேண்டும்? ஊராட்சியைக் கேட்டால் மாநிலத்தின் சாலை என்கிறார்கள். மாநிலத் துறையைக் கேட்டால் ஊரைக் கேள் என்கிறார்கள். டயர் கடை முன் நடைபாதை போடச் சொல்லவும் எனக்கு உரிமை உண்டா?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற போக்குவரத்துப் பொறியாளர்):

ஓஹாயோவில் மக்கள்தொகை 5,000-ஐ எட்டிய ஊர் சட்டப்படி சிட்டி, அதற்குக் குறைந்தால் வில்லேஜ். சிட்டி எனில் சிக்னல் பெரும்பாலும் ஊரின் பொறியாளர் பொறுப்பில் இருக்கும். வில்லேஜ் எனில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் மாவட்ட அலுவலகத்தையும் சேர்த்தே அணுக வேண்டும். இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, மற்றவருக்கும் நகல் சென்றிருப்பதை அதிலேயே குறிப்பிடுங்கள். அப்போது தட்டிக்கழிப்பது கடினமாகும். சந்திப்பின் பெயர், நீங்கள் கடக்கும் திசை, கடக்க உங்களுக்கு ஆகும் விநாடிகள் ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். அதிரும் அம்புக்குறியும் ஒலியும் கொண்ட பொத்தானையும் சேர்த்துக் கேளுங்கள். பார்வை குறைந்தவர்களுக்காகவே அது இருக்கிறது.

நடைபாதை இல்லாத இடத்தில் புதிதாகப் போடச் சொல்லி 1990-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் சாலைக்கு மறுபடி தார் போடும்போது, நடைபாதை உள்ள சந்திப்புகளில் சரிவு அமைத்தே தீர வேண்டும். அடுத்து எப்போது தார் போடப்போகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். டயர் கடை முன் விடுபட்ட அந்தத் துண்டையும் அதே பணியில் சேர்க்கச் சொல்லி ஊர் மன்றக் கூட்டத்தில் பேச அதுவே சரியான தருணம். தோழிகளையும் அழைத்துச் செல்லுங்கள்.