வேதியியலில் 128

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் இது. வேதியியல் மார்க்கைப் பார்த்துவிட்டு, "இனி மருத்துவத்துறை நமக்கில்லை" என்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். அந்த இடத்தில் இருந்தவர்கள், அதன் பிறகு யாரைச் சந்தித்தீர்கள், என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன்.

நான் 2009-ல் பிளஸ் டூ. அருப்புக்கோட்டைப் பக்கம், தமிழ் வழி. அப்பாவுக்குத் தறி வேலை. அப்போது நீட் கிடையாது, மாநில நுழைவுத் தேர்வையும் அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். உயிரியல் 200-ஐ 100-க்குக் குறைப்பார்கள், இயற்பியலையும் வேதியியலையும் 50, 50-க்கு. கூட்டினால் 200-க்கு உங்கள் கட்-ஆஃப்.

பிரௌசிங் சென்டரில் கூட்டத்துக்குள் நுழைந்து பார்த்தேன். உயிரியல் 188, இயற்பியல் 176, வேதியியல் 128. செய்முறைக்கு 50-க்கு 50 வாங்கியிருந்தேன், ஆகவே எழுத்துத் தேர்வில் 150-க்கு 78. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்து சைக்கிளில் கூட்டி வந்தார். வழி முழுக்க அந்த 128-ஐத்தான் திட்டிக்கொண்டு வந்தேன்.

விடைத்தாள் நகல் கேட்டு வாங்கினேன். என் கையெழுத்தையே அடையாளம் தெரியாத மாதிரி இருந்தது. ஹேபர் முறையில் அம்மோனியா தயாரிப்பதை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். சமநிலையில் இருக்கும் வினையை எது குலைத்தாலும் அதை ஈடுகட்டும் பக்கம் நகரும் என்ற லீ சாட்லியர் தத்துவம் புத்தகத்தில் இருந்தபடியே இருந்தது. ஆனால் அழுத்தத்தைக் கூட்டினால் சமநிலை எந்தப் பக்கம் போகும், ஏன் போகும் என்று கேட்ட இடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அந்த ஒரு வரி விட்டதும் அடுத்த பத்தி முழுக்கத் தடுமாற்றம். பத்து மார்க்கில் வரும் கட்டாயக் கேள்வி, ஏ, பி, சி என்று மூன்று சேர்மங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வது, அதைத் தொடவே இல்லை. மனப்பாடம் எங்கே அறுந்ததோ அங்கே மார்க்கும் அறுந்திருந்தது.

இன்னொன்றும் அப்போது கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. என் கட்-ஆஃப் 170. வேதியியலில் 200-க்கு 200 வாங்கியிருந்தாலும் 94, 44, 50, மொத்தம் 188-தான். அந்த வருடம் அதற்கும் எனக்கு எம்.பி.பி.எஸ். கிடைத்திருக்காது. வேதியியல்தான் என்னைக் கெடுத்தது என்று நாலைந்து வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இயற்பியலில் போன 24 மார்க்கைப் பற்றி ஒரு நாளும் நான் அழுததில்லை.

பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்தேன், நான்கு வருடம். உறவுக்காரர்கள் "நர்ஸ்தானா?" என்று கேட்டதை மறக்கவில்லை. முதல் வருடமே பயோகெமிஸ்ட்ரி. புத்தகத்தைத் திறந்ததும் வயிற்றைப் பிசைந்தது. எப்படியோ பாஸ் ஆனேன்.

நான் சொல்ல வந்த சந்திப்பு அதற்கப்புறம். 2013-ல் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ.வில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்சார்ஜ் சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். சேர்ந்த இரண்டாவது வாரம், நைட் ஷிஃப்ட். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன். டைப் 1 சர்க்கரை, தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆக வேண்டியவன். காய்ச்சல் வந்து சாப்பிட முடியவில்லை, சாப்பிடாதபோது ஊசி எதற்கு என்று இன்சுலினை இரண்டு நாள் நிறுத்தியிருக்கிறான். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்கியது. அவன் அம்மா வீசிங் என்று நினைத்து, நெபுலைசர் வையுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரத்த வாயுப் பரிசோதனையில் பிஹெச் 7.08. சாதாரணமாக 7.35-லிருந்து 7.45-க்குள் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

டாக்டர் பார்த்து ஆர்டர் எழுதிவிட்டுப் போனதும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "மக்களே, அவன் ஏன் அப்படி மூச்சு வாங்குகான்?"

"அசிடோசிஸ் சிஸ்டர்."

"அது பேரு. ஏன்னு கேட்டேன்."

நான் நின்றேன். அவர் சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். கார்பன் டை ஆக்சைடும் நீரும் ஒரு பக்கம், ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட்டும் மறுபக்கம், நடுவில் இரு திசை அம்புக்குறி. இன்சுலின் இல்லாததால் ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது. உடம்பு மூச்சு வழியாகக் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால் இந்தச் சமநிலை அந்தப் பக்கம் நகரும், அமிலம் கொஞ்சம் குறையும். "நுரையீரல்ல கோளாறு இல்ல. நுரையீரல் அவனக் காப்பாத்திட்டு இருக்கு" என்றார்.

அந்த இரு திசை அம்புக்குறியை எனக்குத் தெரியும். விடைத்தாளில் நான் விட்ட ஒரு வரி அது. அன்று இரவு அந்தப் பையனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பள்ளியில் யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை, அம்மோனியாவைத்தான் சொன்னார்கள். சொல்லியிருந்தால் மார்க் வாங்கியிருப்பேனா தெரியாது. ஆனால் பயந்திருக்க மாட்டேன்.

அதோடு விடவில்லை அவர். ஸ்டாண்டில் தொங்கிய சலைன் பாட்டிலைத் திருப்பி, சோடியம் 154 என்று அச்சிட்டிருந்ததைக் காட்டி, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். நார்மல் சலைன் என்றால் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அணு எடை சோடியத்துக்கு 23, குளோரினுக்கு 35.5, கூட்டினால் 58.5, அதுதான் ஒரு மோல் உப்பின் எடை கிராமில். ஒன்பதை 58.5-ஆல் வகுத்தால் 0.154 மோல், அதாவது 154 மில்லி மோல். பதினொன்றாம் வகுப்பில் என்னை முதன்முதலில் பயமுறுத்திய மோல் கணக்கு, கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது!

விடியற்காலையில் அந்தப் பையனுக்குப் பொட்டாசியம் 3.9-லிருந்து 3.1-க்கு இறங்கியது. இன்சுலின் சர்க்கரையோடு பொட்டாசியத்தையும் செல்லுக்குள் இழுத்துக்கொண்டு போகும். அப்போதைய வழிகாட்டுதலில் 3.3-க்குக் கீழே போனால் முதலில் பொட்டாசியத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் இன்சுலின். ரிப்போர்ட் வந்த உடனே டியூட்டி டாக்டரை எழுப்பியது நான்தான். இன்சுலினை நிறுத்தினோம். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் 10 மில்லி, அதில் 20 மில்லி மோல் பொட்டாசியம். அதை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சலைனில் கலந்து, இரண்டு பேர் சரிபார்த்து, பம்பில் மெதுவாக ஏற்றினோம். நான்காம் நாள் பையன் வார்டுக்கு மாறினான்.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். வேதியியல் மார்க் போய்விட்டது, ஆகவே வேதியியல் இல்லாத ஏதாவது மருத்துவப் படிப்புக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அப்படி ஒன்று இல்லை. நர்சிங், பார்மசி, லேப் டெக்னீஷியன், டயாலிசிஸ், எங்கே போனாலும் அது கூட வரும். ஆனால் அது பள்ளியில் பார்த்த முகத்தோடு வராது.

*

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு மருந்தாளுநர்:

நீங்கள் 128 என்கிறீர்கள், நான் பெயில். 1987. மற்றதெல்லாம் பாஸ், கெமிஸ்ட்ரி மட்டும் போய்விட்டது. அக்டோபர் அட்டெம்ப்டில் எழுதித் தேறினேன். இடைப்பட்ட மாதங்களில் தெருவில் இருந்த மெடிக்கல் ஷாப்பில் பொட்டலம் மடிக்கிற வேலை. அங்கே இருந்த வயதான பார்மசிஸ்ட் அய்யா, வேலை ஓய்ந்த மத்தியானங்களில் மருந்து அட்டையை நீட்டி, "இதுல என்ன உப்பு இருக்கு, வாசிடா தம்பி" என்பார். ஃபெரஸ் சல்ஃபேட், பொட்டாசியம் சிட்ரேட், சோடியம் பைகார்பனேட். பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடித் தட்டில் கொடுத்த உப்புப் பொடிகள் மாதிரிதான் இவையும் என்று அப்போதுதான் உறைத்தது.

டி.பார்ம். சேர்ந்தால் முதல் வருடம் மருந்து வேதியியல். மருந்தில் குளோரைடு கலப்படம் அளவுக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. வெள்ளி நைட்ரேட் விட்டால் வெள்ளையாகக் கலங்கும். பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வில் பார்த்த அதே வெண்மை. சகமாணவர்கள் பாஸ் மார்க்குக்குப் படித்தார்கள், நான் அந்த அய்யாவுக்குச் சொல்ல வேண்டும் என்று படித்தேன். இருபத்தேழு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். குழந்தைகளுக்கு சிரப் கொடுக்கும்போது எத்தனை மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று அம்மாக்களைத் திருப்பிச் சொல்லவைக்காமல் ஒருநாளும் அனுப்பியதில்லை.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்களுக்கு உங்கள் மாதிரிக் கூட்டல் கட்-ஆஃப் இல்லை, இசட் புள்ளி, அதாவது சராசரியோடு ஒப்பிட்டுத் தரும் புள்ளி. எடுக்க வேண்டிய புள்ளியும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். உங்கள் பிளஸ் டூ மாதிரியான உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு முதல் தடவை எஸ், அதாவது சாதாரண சித்தி, இரண்டாம் தடவை அதற்கு ஒரு படி மேலான சி. மூன்று தடவை எழுதலாம், வீட்டில் எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துப் போனேன். பெறுபேறு வந்த அன்று அம்மா சமைக்கவில்லை, அது இப்பவும் நினைவில் இருக்கு.

இப்போது வவுனியாவில் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன். சிறுநீரக நோயாளர் இந்தப் பக்கம் அதிகம், வயல் வேலை செய்கிறவர்கள். மெசினுக்கு இரண்டு கரைசல் தனித்தனிக் கான்களில் வரும், ஒன்று அமிலம், மற்றது பைகார்பனேட். ஏன் ஒன்றாகக் கலந்து அனுப்பக்கூடாது என்று ஒரு நோயாளி ஐயா கேட்டார். கல்சியமும் பைகார்பனேட்டும் செறிவாகச் சேர்ந்திருந்தால் கல்சியம் காபனேற்றாகப் படிந்துவிடும், கேத்தல் அடியில் படிகிறதே, அதுதான் என்று சொன்னேன். கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த மனிசருக்கு உடனே விளங்கியது.

*

மருத்துவக் கல்லூரி முடித்த ஒருவர்:

நான் 2019 பிளஸ் டூ, அரசுப் பள்ளி. வேதியியல் 100-க்கு 57. அந்த வருட நீட்டிலும் வேதியியல்தான் இழுத்தது. தெரியாததையெல்லாம் ஊகித்து எழுதி, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மார்க் கழிந்தது. ஒரு வருடம் வீட்டிலிருந்தே படித்து 2020 செப்டம்பரில் திரும்ப எழுதினேன். அக்டோபர் கடைசியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது, நவம்பரில் நேரு உள்விளையாட்டு அரங்கில் கலந்தாய்வு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பா, மகளின் சான்றிதழ் பையை மடியிலிருந்து கீழேயே வைக்கவில்லை. என்னிடம் "உனக்கு எதுல தம்பி கம்மி?" என்றார். வேதியியல் என்றேன். "எம்பொண்ணுக்கும் அதான்" என்று சொல்லி என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

இப்போது படிப்பவர்களுக்கு ஒரு விஷயம். பிளஸ் டூ வேதியியல் மார்க் ரேங்கில் சேராது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துத் தகுதி சதவீதம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அதற்காக வேதியியலை விடாதீர்கள். நீட்டில் 180 கேள்வியில் 45 அதுதான்.

*

விருதுநகரிலிருந்து ஒரு அம்மா:

என் மகளுக்கு 100-க்கு 51. மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. டாக்டர் இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்கிறாள். நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அந்தப் பையன் பிழைத்தானா என்று மட்டும் கேட்டாள்.

*

பிழைத்தான் அக்கா. அடுத்த வருடம் செக்கப்புக்கு வந்தபோது பார்த்தேன், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். காய்ச்சல் வந்தால் இன்சுலினை நிறுத்துவாயா என்று கேட்டதற்குச் சிரித்தான்.

மகளுக்கு இப்போது அறிவுரை எதுவும் வேண்டாம். கஞ்சியாவது குடிக்க வையுங்கள். விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்தான் கொடுப்பார்கள், பள்ளியில் கேட்டு நாளைக்கே போட்டுவிடுங்கள். கூட்டல் தப்பு இருந்தால் மறுகூட்டல் கேட்கலாம். இல்லையென்றாலும் எந்த இடத்தில் விட்டாள் என்று தெரியும். நகல் கைக்கு வந்ததும் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். இந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட், மதியம் மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பேப்பரைப் பக்கம் பக்கமாக வாசிக்கட்டும், நான் கேட்கிறேன்.