லாரி ஓட்டுநருக்குச் சர்க்கரை நோய்: மாத்திரை நேரமும் சாப்பாட்டு நேரமும் ஒத்துப்போகவில்லை

கேள்வி: திருவொற்றியூர் ஓட்டுநர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. பதினெட்டு ஆண்டுகளாகக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன்; துறைமுகத்தில் பெட்டி ஏற்றினால் விஜயவாடா, சில நேரங்களில் விசாகப்பட்டினம் வரை போய் வருவேன். மூன்று மாதங்களுக்கு முன் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 212 இருந்தது. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் போடச் சொல்லி மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சென்ற வாரம் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்றபோது, பெட்டியை இறக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்ற எண்ணத்தில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டேன். மூன்று மணி நேரம் வண்டி நகரவில்லை. கை நடுங்கியது, சட்டை முழுவதும் வியர்வையில் நனைந்தது, முன்னால் நின்ற டிரெய்லரின் எண் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கிளீனர் பயந்துபோய்ச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட தேநீர் வாங்கிவந்து குடிக்க வைத்த பிறகுதான் தெளிந்தேன். இதுவே ஓங்கோல் தாண்டி நள்ளிரவில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து இரண்டு நாட்களாக எனக்குத் தூக்கமில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில் 1: தண்டையார்பேட்டை செவிலியர்

அண்ணா, மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அன்று உங்களுக்கு வந்தது தாழ் சர்க்கரை போலத்தான் தெரிகிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். அதனால் மாத்திரை உள்ளே போய் உணவு போகாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். மெட்பார்மினை மட்டும் தனியாகப் போடுபவர்களுக்கு இப்படி ஆவது அரிது. உங்கள் சீட்டில் எது இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவரிடம் போய், "நான் நெடுந்தூரம் லாரி ஓட்டுகிறேன், எனக்குச் சாப்பாட்டு நேரம் நிலையாக இல்லை" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டால் அவர் மருந்தையே மாற்றக்கூடும். ஸ்டான்லி மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவிலும் காட்டலாம்.

அதுவரை, உணவு கையில் வந்து இலையோ பொட்டலமோ பிரித்த பிறகுதான் மாத்திரையை எடுக்க வேண்டும். மீண்டும் நடுக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் அதே அளவு குடிக்க வேண்டும். சரியான பின் ஏதாவது சாப்பிட்டு, முக்கால் மணி நேரமாவது ஸ்டியரிங்கைத் தொடாமல் இருங்கள். உடல் தெளிந்தாலும் கவனம் திரும்பச் சற்று நேரமாகும். மயக்கம் வந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கும்படி கிளீனருக்கு இன்றே சொல்லிவையுங்கள்.

பதில் 2: காசிமேடு மூத்த ஓட்டுநர்

தம்பி, முப்பது ஆண்டுகள் கல்கத்தா சாலையில் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. வறுத்த கடலை, அவித்த கொண்டைக்கடலை, இரண்டு முட்டை இவற்றை டப்பாவில் போட்டு இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். வரிசை நகராவிட்டாலும் பசி என்னை நகர்த்தாது. ஆந்திராவில் காலையில் பூரியை விட்டுப் பெசரட்டு கேள், அது பச்சைப்பயறு. மதியச் சாப்பாட்டில் சோற்றை ஒரு கரண்டியோடு நிறுத்தி, பப்பு என்று அவர்கள் சொல்லும் பருப்பும் காய்கறியும் கூட்டிக்கொள். நாளைக்குப் பத்துத் தேநீர் குடிக்கும் பழக்கத்தில், ஒவ்வொன்றிலும் எவ்வளவு சர்க்கரை உள்ளே போகிறது என்பதை நான் வெகுகாலம் எண்ணிப் பார்க்கவேயில்லை.

இன்னொன்று, கால். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவேன். எஞ்சின் சூட்டில் கேபின் தரை கொதிக்கும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்ததால் சுட்டதே தெரியாமல் கொப்புளம் எழும்பி, அது புண்ணாகி ஆற நான்கு மாதம் ஆனது. தினமும் இரவு செல்போன் வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படு. கழிப்பறை இல்லையே என்று தண்ணீரையும் குறைத்துவிடாதே.

பதில் 3: எர்ணாவூர், ஓட்டுநரின் மனைவி

என் கணவரும் இதே வேலைதான். 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வரும்போது அவர் பெரும்பாலும் வெளியூரில் இருப்பார் என்பதால், அந்தச் சகோதரியிடம் நிலைமையைச் சொல்லி மாத்திரைகளை நான் வாங்கி வைக்கிறேன். நடை கிளம்பும்போது நான்கு நாள் பயணமானால் ஏழு நாள் மாத்திரை கட்டிக் கொடுப்பேன், ஏனென்றால் சரக்கு இறங்கத் தாமதமாகும் நாட்களில்தான் அவர் விட்டுவிடுகிறார்.

திருவொற்றியூர் ஓட்டுநர்

மிக்க நன்றி. சீட்டைப் பார்த்தேன், சகோதரி சொன்ன கிளிமிபிரைடுதான். திங்கட்கிழமை நடை எடுக்கவில்லை என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன். காலையில் ஸ்டான்லிக்குப் போகிறேன். கிளீனர் பையனுக்கு மீட்டரில் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், என் விரலைக் குத்த அவனுக்குத்தான் இன்னும் கை வரவில்லை.