பொருள்: பையன் எடிட்டிங் படிக்கட்டுமா? – துபாய் அண்ணாச்சிக்குப் பதில்

எல்லாருக்கும் வணக்கம்.

மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு தரமணி திரைப்படக் கல்லூரியில் எடிட்டிங் படிக்கணும்னு நிற்கிறான், "வெட்டி ஒட்டுற வேலைக்கு நாலு வருஷப் படிப்பா?" என்று அண்ணாச்சி கேட்டிருந்தார். நான் சினிமாக்காரன் இல்லை, சினிமாப் பைத்தியம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, ஸ்ரீகர் பிரசாத் பெயரைக் கவனித்திருக்கிறீர்களா? நாகர்கோவிலில் தமிழ்ப் படமும் திருவனந்தபுரத்தில் மலையாளப் படமும் பார்த்து வளர்ந்த ஆட்கள் நாம். 1999இல் வந்த 'வானப்பிரஸ்தம்', 2000இல் வந்த 'அலைபாயுதே' இரண்டுக்கும் அவர்தான் எடிட்டர். முன்னதில் மோகன்லால் கதகளிக் கலைஞர். முத்திரை முடியும் முன் ஷாட்டை வெட்டினால் அர்த்தமே போச்சு, அங்கே பொறுத்திருக்கத் தெரியணும். 'அலைபாயுதே'யில் நேர் எதிர். ஸ்டேஷனில் மனைவிக்காகக் காத்திருப்பவனின் பதற்றத்துக்கு நடுவே பழைய காதல் கதை துண்டு துண்டாக வரும். எந்த இடத்தில் பின்னோக்கிப் போகணும், எப்போது திரும்பணும் என்பதில் கொஞ்சம் பிசகினாலும் பார்ப்பவன் குழம்பிவிடுவான். நமக்குக் குழம்பவில்லையே!

'ராக்' என்ற 1989 இந்திப் படத்துக்கு எடிட்டிங்கில் அவருக்கு முதல் தேசிய விருது. 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்துக்கு ஒன்று. 2020ஆம் ஆண்டுக்கான விருது 'சிவரஞ்சனியும் இன்னும் சில பெண்களும்' என்ற சின்னப் படத்துக்கு. இடையிலும் பல. 'ஆர்ஆர்ஆர்', 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் இரண்டும் ஒரே வருஷம், 2022இல், அவர் மேசையிலிருந்து வந்தவை. எனக்கென்னவோ அந்தச் சின்னப் படம்தான் கஷ்டமான வேலை. அடுக்களையில் நிற்கும் பெண்ணின் முகத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் அப்பா சஞ்சீவியும் எடிட்டர், பழைய இயக்குநர், தயாரிப்பாளர் எல்.வி.பிரசாத் நெருங்கிய சொந்தம். அப்பாவிடமே தொழில் படித்தார். ஆயிரம் அடி பிலிம் சுமார் 11 நிமிடம் ஓடும், தப்பாக வெட்டினால் திரும்ப ஒட்டணும். அந்தக் காலத்துப் பயிற்சி அது. நம்ம பையனுக்கு அப்படி ஒரு அப்பா இல்லை (கோபப்படாதீங்க). அதனால்தான் படிப்பு வேணும்ங்கிறேன். படிப்புக்கு அப்புறமும் சில வருஷம் அசிஸ்டென்டாக, குறைந்த சம்பளத்தில், ராத்திரி பகலாக உட்காரணும். அதற்கு மனசைத் தயார் பண்ணுங்க.

அதுவரைக்கும் அவனுக்கு ஒரு வேலை தரலாம். போன கோயில் கொடைத் திருவிழா வீடியோ நாலு மணி நேரம் இருக்கு, நம்மில் யாரும் முழுசாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும் கெடாமல் இருபது நிமிஷத்துக்குக் குறைத்துத் தரட்டும். நன்கொடை கொடுத்தவர்கள் தங்கள் முகத்தை வெட்டக் கூடாது என்று இப்போதே மெயில் போட வேண்டாம், பெயர்களைக் கடைசியில் ஓடவிடச் சொல்லலாம். சம்மதம் என்றால் பொருளாளர் ஹார்ட் டிஸ்க்கை ஊருக்கு அனுப்பி வைக்கவும்.