பொலிவியாவுக்கு அம்மாவுடன் செல்கிறேன்: எந்த ஊரிலிருந்து பயணத்தைத் தொடங்கலாம்?

கேள்வி

வணக்கம். வரும் ஆகஸ்டில், அறுபது வயதைக் கடந்த என் அம்மாவுடன் பொலிவியா செல்ல எண்ணியுள்ளேன். முதலில் லா பாஸ், பிறகு உயுனி உப்புவெளி, கடைசியில் டிட்டிகாக்கா ஏரி என்பது என் திட்டம். அம்மாவுக்கு இதய நோயோ மூச்சுத் தொல்லையோ கிடையாது. ஆயினும், லா பாஸ் விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில், எல் ஆல்ட்டோவில் இருப்பதை அறிந்தபின் தயக்கமாக உள்ளது. இந்த வரிசையை மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1

அவசியம் மாற்றுங்கள். சுமார் 400 மீட்டர் உயரமே உள்ள சாந்தா குரூஸில் இறங்கி, அங்கிருந்து 2,800 மீட்டர் உயரத்திலுள்ள சுக்ரேவுக்குச் சென்று இரண்டு மூன்று இரவுகள் தங்கினால், உடல் பழகுவதற்கு அவகாசம் கிடைக்கும். வெள்ளைச் சுவர்களும் நிழல் மிகுந்த சதுக்கமும் கொண்ட சுக்ரே, அவசரமின்றி நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்த ஊர். அதன்பின் பொட்டோசி வழியாகச் சாலையிலேயே உயுனியை அடையலாம். பொட்டோசியும் 4,000 மீட்டரைத் தாண்டிய ஊர்தான். 1545இல் வெள்ளி கண்டறியப்பட்ட செர்ரோ ரிக்கோ மலையின் சுரங்கங்களுக்குள் பயணிகளை அழைத்துச் செல்கிறார்கள். தூசியும் நெருக்கடியும் மிகுந்த அந்த இடத்துக்கு அம்மாவைக் கூட்டிச் செல்ல வேண்டாம். பழைய நாணயச்சாலை அருங்காட்சியகமே அந்த வரலாற்றை நன்றாகச் சொல்லும். லா பாஸையும் ஏரியையும் இறுதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்ன வரிசையே சரியானது. உப்புவெளியை ஒரே நாளில் பார்த்துவிட்டு உயுனிக்குத் திரும்பிவிடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். பலரும் விரும்பும் மூன்று நாள் ஜீப் பயணம், சிவப்பு நீர் கொண்ட லகுனா கொலராடாவைக் கடந்து 4,800 மீட்டருக்கு மேலுள்ள, நீராவி பீறிடும் ஊற்றுகள் வரை செல்கிறது. இரவில் தங்குமிடமும் 4,000 மீட்டருக்கு மேல்தான் அமையும். ஆகஸ்டில் குளிர் உறைநிலைக்கு வெகு கீழே போகும். அருகில் மருத்துவமனை இல்லாத அந்தப் பாதையை அம்மாவுடன் தவிர்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

உயரத்தால் வரும் தலைவலி, மயக்கத்துக்கு அங்குள்ளோர் குடிக்கும் கோகா இலைத் தேநீர் எங்கும் கிடைக்கும். ஆனால் அது மருந்துக்கு மாற்றாகாது. உயரத்துக்கு உடல் பழக உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேளுங்கள். தலைவலியுடன் நடை தடுமாறினாலோ, ஓய்வாக இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும் வரை காத்திராமல் உடனே தாழ்வான ஊருக்கு இறக்கிவிட வேண்டும்.

மறுமொழி 3

பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். ஊசி போட்டு 10 நாள்கள் கழிந்த பின்னரே அது செல்லுபடியாகும்; அறுபதைக் கடந்தவர்களுக்கு அந்த ஊசி ஏற்றதா என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும் என்பதால், இதை முதல் வேலையாகத் தொடங்குங்கள்.

சாலை மறியல்கள் அங்கு அடிக்கடி நடப்பவை. பேருந்துகள் நாள்கணக்கில் நின்றுவிடக்கூடும். ஆகவே நாடு திரும்பும் விமானத்துக்கு முன் ஓரிரு நாள்களை வெறுமையாக விட்டுவையுங்கள். லா பாஸிலிருந்து டிட்டிகாக்கா ஏரிக்கரை ஊரான கோப்பகபானா செல்லும் வழியில், ஏரியின் குறுகிய பகுதியான டிக்கினா நீரிணையில் பேருந்து மரத்தெப்பத்திலும் பயணிகள் சிறு படகிலும் தனித்தனியாக அக்கரை சேர்வார்கள். கடவுச்சீட்டையும் அம்மாவின் மருந்துகளையும் பேருந்திலேயே விட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள்.