ஸ்பெயினிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள்: வீட்டு ஆட்களை ஸ்பானிஷில் எப்படி அறிமுகப்படுத்துவது?

ஜெசிந்தா, தங்கச்சிமடம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறோம். இதுவரை வந்தவர்கள் மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள், இல்லையென்றால் வடக்கேயிருந்து ராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிறவர்கள். பிப்ரவரியில் ஸ்பெயின் நாட்டு சரகோசாவிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. பெரியவர், அவர் மனைவி, மகள், மருமகன். மகளுக்கு மட்டும் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அப்பா அம்மாவுக்குச் சுத்தமாகத் தெரியாது என்று அவரே எழுதியிருக்கிறார்.

சாப்பாடு, குளிக்க வெந்நீர், தனுஷ்கோடிக்கு வேன் இதையெல்லாம் போனை வைத்துச் சமாளித்துக்கொள்வேன். வந்து இறங்குகிற நேரத்தை நினைத்தால்தான் யோசனையாக இருக்கிறது. வாசலில் எல்லோரும் நிற்போம்: மாமியார், வீட்டுக்காரர் அந்தோணி, வேன் ஓட்டும் கொழுந்தன் சேவியர், எட்டு வயதான என் மகள், பக்கத்து வீட்டில் கடல்பாசி எடுக்கப் போகும் சித்தி. அந்த நேரத்தில் ஒவ்வொருவர் முகத்துக்கும் போனை நீட்டிக்கொண்டிருக்க மனசு வரவில்லை.

யூடியூபில் பார்த்தால் "என் பெயர் இன்னது, நான் மாணவன்" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. மாமியாரை அறிமுகம் செய்துவைக்க ஒருவரும் சொல்லித்தருவதில்லை. தெரிந்தவர்கள் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

பரமக்குடி குமார்:

அக்கா, போன்தான் பேசுகிறதே, அதுவே பேசிவிட்டுப் போகட்டும். எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

கீழக்கரை காக்கா:

குமார் தம்பி, மாமியாரைப் போன் அறிமுகம் செய்து வைத்தால் அந்த வீட்டில் அன்றைக்கு மீன்குழம்பு கிடைக்காது. சும்மா இருங்கள்.

ஜெசிந்தா தங்கச்சி, நான் சரக்குக் கப்பலில் குக்காக இருந்தவன். பெரும்பாலும் வாழைப்பழக் கப்பல். எக்வடோரில் குவயாகில் துறைமுகத்தில் பழம் ஏற்றுவோம், பெருவில் கயாவோ, சிலியில் வால்பரைசோ என்று போய்வருவோம். படித்துக் கற்ற ஸ்பானிஷ் இல்லை, அடுப்படியில் கற்றது. அங்கே சாப்பாடு வாங்க வருகிறவன் முதலில் பெயரைக் கேட்பான், அடுத்தது ஊர், அப்புறம் கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளைகள் எத்தனை. கேட்கிற வரிசை நம் ஊர் டீக்கடையில் கேட்கிற அதே வரிசைதான்.

அதனால் சொல்கிறேன், உங்கள் பெயரைச் சொல்வதைக் கடைசியில் படியுங்கள். மற்றவர்களைக் காட்டிச் சொல்வதை முதலில் படியுங்கள். உங்கள் பெயரை அவர்கள் புக்கிங்கிலேயே பார்த்திருப்பார்கள். வாசலில் நிற்கும் மற்றவர்கள் யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

ஒரு ஆளுக்கு மூன்று சங்கதி போதும்: உறவு, பெயர், அவரைப் பற்றி ஒரு சேதி. அந்தக் கடைசிச் சேதியை விட்டுவிடாதீர்கள். பெயரோடு நிறுத்தினால் அவர்கள் சிரித்துவிட்டுச் சும்மா நிற்பார்கள். மீன்பிடிக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள், என்ன மீன், எந்தப் படகு என்று அவர்களே தொடங்கிவிடுவார்கள்.

வீட்டுக்காரரைக் காட்டி: எஸ்தே எஸ் மி மரிதோ, அந்தோனியோ. எஸ் பெஸ்கதோர். (இவர் என் கணவர், அந்தோணி. மீனவர்.) தொழிலைச் சொல்லும்போது "ஒரு மீனவர்" என்று ஆங்கிலம் மாதிரி முன்னால் எதுவும் போடவேண்டாம். வெறும் பெஸ்கதோர்.

மாமியாரைக் காட்டி: எஸ்தா எஸ் மி சுவேக்ரா. எஸ் லா ஹேஃபா தே லா காசா. வீட்டுக்குத் தலைவி இவர்தான் என்று அர்த்தம். இதைச் சொல்லி யாரும் சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. என்ன சொன்னாய் என்று மாமியார் கேட்டால் அப்படியே மொழிபெயர்த்தும் சொல்லலாம், பிரச்சினை வராது.

பக்கத்து வீட்டுச் சித்தியைக் காட்டி: எஸ்தா எஸ் மி பெசீனா. ரெகோஹே அல்காஸ் என் எல் மார். (பக்கத்து வீட்டுக்காரர். கடலில் பாசி எடுக்கிறார்.) சித்தி என்று நினைத்து "தீயா" என்று சொல்லவேண்டாம். சொந்தச் சித்தி என்றே எடுத்துக்கொண்டு, அப்பாவின் தங்கையா அம்மாவின் தங்கையா என்று விசாரிப்பார்கள்.

கவனிக்கவேண்டிய இடம் ஒன்று. ஆணுக்கு எஸ்தே, பெண்ணுக்கு எஸ்தா. நாம் "இவர்" என்று மரியாதையாகச் சொல்லி இரண்டு பேரையும் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம், அங்கே அது நடக்காது. பல பேரைச் சேர்த்துக் காட்டினால் எஸ்தோஸ் சொன். எல்லோரும் பெண்களாக இருந்தால் எஸ்தாஸ் சொன்.

உங்கள் மகளுக்கு: எஸ்தா எஸ் மி ஈஹா. தியேனே ஓச்சோ ஆஞோஸ். (என் மகள். எட்டு வயது.) வயதை அவர்கள் "எட்டு வருஷம் வைத்திருக்கிறாள்" என்கிற மாதிரிதான் சொல்வார்கள். இந்த "ஆஞோஸ்" விஷயத்தில் மட்டும் நாக்கை இறுக்கிப் பிடியுங்கள். ஞ-வுக்குப் பதில் ன வந்தால் வருஷம் போய் ஆசனவாய் வந்துவிடும். ஞாயிறு, ஞாபகம் என்று சொல்கிற வாய்க்கு இது தானாக வரும், வெள்ளைக்காரர்கள்தான் திணறுவார்கள்.

எல்லோரும் முடிந்த பிறகு நீங்கள்: இ யோ சொய் ஜெசிந்தா. பியென்பெனீதோஸ். (நான் ஜெசிந்தா. வாருங்கள்.) பெயர் கேட்டால் "மே யாமோ ஜெசிந்தா" என்றும் சொல்லலாம். ஊருக்கு "சொய் தே தங்கச்சிமடம்". ஊர்ப் பெயரை மெதுவாக இரண்டு தடவை சொல்லுங்கள், பாவம்.

அவர்கள் எழுத்தில் இரண்டு எல் சேர்ந்தால் ய. கயாவோ என்ற ஊரை எங்கள் சீஃப் ஆபிசர் கடைசிவரை காலாவ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், ஏஜென்ட் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். ஹெச் எழுத்துக்குச் சத்தமே கிடையாது: வணக்கம் சொல்ல ஓலா, சகோதரன் எர்மானோ. அதற்குப் பதிலாக ஜே எழுத்து ஹ ஆகிவிடும். வி எழுத்தும் பி எழுத்தும் ஒரே ப-தான். நம்முடைய த, ப, க மூச்சுக்காற்று கலக்காமல் வருவதால் அவர்கள் காதுக்குச் சுத்தமாகக் கேட்கும்.

பெரியவர்களிடம் உஸ்தேத். நீங்கள் என்று அர்த்தம். "கோமோ செ யாமா உஸ்தேத்?" (உங்கள் பெயர் என்ன?) இதை விட்டுவிடாதீர்கள்.

தொண்டிக்காரன்:

காக்கா சொன்னது எல்லாம் சரி, உஸ்தேத் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு அபிப்பிராயம். நான் வலென்சியாவில் ஹோட்டலில் வேலை செய்கிறேன். இங்கே கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலையிடத்து முதலாளி எல்லோரிடமும் தூ-தான், அதாவது நீ. மகளும் மருமகனும் உங்களை முதல் நிமிஷத்திலிருந்தே தூ என்று பேசுவார்கள், அதை மரியாதைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். பெரியவரிடம் உஸ்தேதில் தொடங்குங்கள். அவரே "தூ என்று சொல்லுங்கள்" என்பார், அப்போது மாறிக்கொள்ளலாம். கொலம்பியாவில் வீட்டுக்குள்ளேயே உஸ்தேத் பேசுகிறவர்கள் உண்டு, அர்ஜென்டினாவில் தூ இல்லாமல் வோஸ். காக்கா கேட்டது அந்தப் பக்கத்துப் பேச்சு, அதனால்தான் இந்த வித்தியாசம்.

அக்கா, உங்கள் பெயரைப் பற்றி ஒன்று. எழுத்தில் பார்த்தால் அவர்கள் "ஹதிந்தா" என்றுதான் வாசிப்பார்கள். ஜே ஹ ஆகிவிடும், நடுவில் வரும் சி ஸ்பெயினில் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் த மாதிரி கேட்கும். பக்கத்து வீட்டுக்காரரும் அங்கே "பெதீனா" ஆகிவிடுவார். அதனால் திருத்தாதீர்கள், உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்.

கொழுந்தன் பெயர் சேவியர் என்றால் வேலை சுலபம். "எஸ்தே எஸ் மி குஞாதோ, ஹவியேர்" என்று சொல்லுங்கள். நம் புனித சவேரியார் பிறந்த இடமே நவார்ராவில் ஹவியேர் கோட்டைதான், 1506-இல். முத்துக்குளித்துறைக்கு அவர் வந்தது 1542-இல். நவார்ராவுக்குப் பக்கத்து மாகாணம் அரகோன், அதற்குத் தலைநகர் இந்த சரகோசா. இந்தக் கரையில் தெருவுக்கு ஒரு சேவியர் இருப்பதை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சங்கதி அவர்களுக்குப் பிடிக்கும். குஞாதோவுக்கு மட்டும் ஸ்பெயினில் ஒரு கேலிப் பொருளும் உண்டு: எல்லாம் தெரிந்தமாதிரி பேசுகிற ஆள். ஒருவேளை சிரித்தால் அதுதான் காரணம்.

உங்கள் பக்கத்தில் ஃபெர்னாண்டோ என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் இருந்தால், ஸ்பெயினில் அது ஆளின் சொந்தப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

வெளிநாட்டு விருந்தாளிகளைப் பதியும் பார்மை நிரப்பும்போதும் குழம்பவேண்டாம். வெளிநாட்டுக்காரர் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதியவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் பெரியவர் பெயருக்குப் பின்னால் கார்சியா லோபெஸ் என்று இருந்தால், கார்சியா அப்பா வழி, லோபெஸ் அம்மா வழி. இரண்டையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடவேண்டும். மனைவி பாஸ்போர்ட்டில் கார்சியா இருக்காது, கல்யாணம் ஆனாலும் பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. மகளுக்கு இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வரும். எது முன்னால் என்பதை 2017-இலிருந்து பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். முன்பெல்லாம் வழக்கமாக அப்பா பெயர்தான் முதலில். கூப்பிடும்போது முதல் குடும்பப் பெயர் போதும்: செஞோர் கார்சியா (திரு. கார்சியா).

உங்கள் இனிஷியலைப் பார்த்து அது என்ன என்று நிச்சயம் கேட்பார்கள். "எல் நோம்ப்ரே தே மி பாத்ரே" (என் அப்பா பெயர்) என்று சொல்லிவிடுங்கள்.

கன்னத்தில் முத்தம் கொடுக்க வருவார்கள், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பெண்ணும் பெண்ணும், ஆணும் பெண்ணும் இப்படி. ஆணும் ஆணும் கைகுலுக்குவார்கள். மாமியாருக்கு அது ஒத்துவராது என்றால், அவர்கள் நெருங்குவதற்கு முன்னாலேயே அவர் கைகூப்பிவிடட்டும். உடனே புரிந்துகொள்வார்கள், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

ஜெசிந்தா, தங்கச்சிமடம்:

காக்கா, தம்பி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் மகளின் ரஃப் நோட்டில் எழுதி அடுப்படியில் ஒட்டிவிட்டேன். ஹேஃபா என்று சொன்னதும் மாமியார் அர்த்தம் கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு கொழுந்தனை "ஹேஃபா சொல்றேன், போய் ஐஸ் வாங்கிட்டு வா" என்று விரட்டிக்கொண்டிருக்கிறார்.

இன்னும் இரண்டு சந்தேகம். அவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொண்டதும் நாங்கள் பதிலுக்கு என்ன சொல்வது? அந்த அம்மாவின் பெயர் மரியா பிலார். அவரை மாமியார் எப்படிக் கூப்பிடுவது? பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்கிறார்.

தொண்டிக்காரன்:

சரகோசா என்றாலே பிலார் மாதா கோயில்தான் அக்கா, அக்டோபர் 12 திருவிழா. அந்த ஊரில் மரியா பிலார்களுக்குக் குறைச்சலே இல்லை. மரியாவை விட்டுவிட்டு பிலார் என்றுதான் கூப்பிடுவார்கள், நெருங்கியவர்கள் பிலி என்பார்கள்.

பதிலுக்கு நீங்களும் மாமியாரும் என்கந்தாதா. உங்கள் வீட்டுக்காரரும் கொழுந்தனும் என்கந்தாதோ. பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து முடிவு மாறும், எதிரில் நிற்பவரைப் பொறுத்து இல்லை. அவர்கள் முந்திக்கொண்டு அதைச் சொல்லிவிட்டால் நீங்கள் இக்வால்மெந்தே. எனக்கும் அப்படியே, என்று அர்த்தம்.

கீழக்கரை காக்கா:

தம்பி சொன்ன தா, தோ கணக்கெல்லாம் மாமியாருக்கு வேண்டாம் தங்கச்சி. அவருக்கு "முச்சோ குஸ்தோ". சந்தித்ததில் சந்தோஷம் என்று அர்த்தம். அந்த கு, குருவில் வருகிற கு. ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே சொல்லலாம்.

கூப்பிடுவதற்கு தோஞா பிலார். பெயருக்கு முன்னால் தோஞா சேர்த்தால் நாம் பிலார் அம்மா என்பது மாதிரி மரியாதை வந்துவிடும். ஆணுக்கு தோன். அந்த தோன், தோஞா ஆளின் பெயரோடுதான் வரும். குடும்பப் பெயரைச் சொல்வதென்றால் செஞோர், செஞோரா.

வேன் ஓட்டுகிற சேவியர் தம்பிக்கு இந்தப் பாடம் போதாது. இடது, வலது, நிறுத்து, பாம்பன் பாலம் எத்தனை மணிக்குத் தூக்குவார்கள் என்று ஆயிரம் கேட்பார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து வருகிறவன் எல்லாம் அதைப் பார்க்காமல் போவதில்லை. அவரையே இங்கே வந்து தனியாக ஒரு கேள்வி போடச் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன்.